ஐந்து மாப்பிள்ளைகளும் ஒரு கோட்சூட்டும்

சோதிலிங்கத்தின் அலுமாரியைத் திறந்தால் யாரோ வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று நினைப்பீர்கள். சில சேர்ட்டுகள், இரண்டு காற்சட்டை, ஒரு நீலக் கம்பளி ஸ்வெற்றர், ஒரு குளிர்க்கோட்டு. கீழே இரண்டு சோடிச் சப்பாத்து, இரண்டுக்கும் அடித்தோல் பலமுறை மாற்றியாயிற்று. மிச்சமெல்லாம் வெறும் ஹங்கர். அதே அறையில் அவருடைய மனைவி சத்தியபாமாவுக்கு மூன்று அலுமாரி. மூன்றையும் முழங்காலால் அமத்தித்தான் சாத்த வேண்டும்.

ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அலுமாரிக் கதவு வெடித்துத் திறக்கும் சத்தம் எனக்கும் கேட்கும். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மலிவு விற்பனை என்றால் சத்தியபாமா வேலைக்குக்கூட அவ்வளவு நேரத்தோடு போகமாட்டாள். கைகொள்ளாத பைகளோடு வருவாள். மூன்றாம் தோய்ப்புக்குப் பிறகு அவற்றில் பாதி தரை துடைக்கப் போகும். சோதிலிங்கம் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டுவார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் துடைப்பார்.

அவர் நோர்வேக்கு வந்த புதிதில் உலர்சலவைக் கடையொன்றில் அயர்ன் பிடித்தவர். பிறகுதான் பஸ் ஓட்டப் போனார், போன வருடம் ஓய்வு பெற்றார். எந்த உடுப்பு வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சலவைக்கு வருகிறது, எது ஒருமுறை வந்து பிறகு காணாமற்போகிறது என்று பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. "உடுப்பின்ரை உள்பக்கத்தைப் பாருங்கோ அக்கா. வெளிப்பக்கம் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும்" என்பார்.

எனக்கு அதை அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களுக்கு உடுப்புப் போட்டுக் கழற்றியவள் நான். பிள்ளைகள் வாங்கி வருவது மூட்டை மூட்டையாக வரும். பின்னால் ஸிப் வைத்தது, கழுத்தால் இறங்காதது, அறுபது பாகைச் சூட்டில் தோய்த்ததும் பொம்மைக்கு அளவாகிவிடுவது. கடைசிவரை நிற்பது, அந்த மனிதர் எப்போதோ யோசித்து வாங்கிய ஒன்றிரண்டு மட்டும். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. சலவை இயந்திரத்தின் சூடு, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது சோதிலிங்கத்தின் அலுமாரியில், அந்த வெறும் ஹங்கர்களுக்கு அப்பால், துணிப்பைக்குள் தொங்கும் ஒரு கோட்சூட்டைப் பற்றி. கருநீலக் கம்பளி. கோட்டு, அதற்குள் போடும் கையில்லாத உள்கோட்டு, காற்சட்டை, மூன்றும் ஒரே துணி. அது அவருடைய அலுமாரியில் இருந்தாலும் முழுக்க அவருடையது அல்ல. அதில் அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஒரு சின்ன வீட்டில் ஐந்து பொடியன்கள் இருந்தார்கள். சோதிலிங்கம் ஒருவர். இப்போது டாக்ஸி ஓட்டும் சந்திரகுமார் இன்னொருவர். மேற்குக் கரையில் ஸ்தவாங்கருக்குப் போய்விட்ட சிவானந்தன், பிறகு கனடாவுக்குப் போன மன்னார்க்காரர் கிளெமென்ற், ஐவரிலும் மூத்தவரான ஸ்ரீஸ்கந்தராசா. இந்தக் கடைசி ஆள் என் கணவர். சோதிலிங்கத்தைத் தவிர எல்லாருக்கும் கோப்பை கழுவுவது அல்லது தரை கூட்டுவதுதான் வேலை. ஊரில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், படம் அனுப்பு என்று ஐந்து வீட்டிலிருந்தும் கடிதம். படம் எடுக்கிற மாதிரி உடுப்பு ஒருவரிடமும் இல்லை.

ஆளுக்கொரு மலிவுக் கோட்சூட் வாங்குவோம் என்று நான்கு பேர் சொன்னார்கள். சோதிலிங்கம் ஒருவர்தான் மறுத்தார். ஐந்து குப்பை வாங்குகிற காசில் ஒரு நல்லதை வாங்கிப் பங்குபோடுவோம் என்றார். நகர நடுவில், வயதான நோர்வே கனவான்கள் போகும் கடையொன்றுக்கு நால்வரையும் இழுத்துக்கொண்டு போனார். கோட்டை உள்பக்கம் வெளிவரப் புரட்டினார், முகர்ந்தார், துணியை ஒரு பிடி கசக்கிவிட்டுச் சுருக்கம் மறைகிறதா என்று பார்த்தார். கடைக்காரர் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் நின்றாராம். தையலுக்குள்ளே தாராளமாகத் துணி மடித்து விட்டிருந்தது, வேண்டியபோது அவிழ்த்துப் பெருப்பிக்கலாம். இதுதான் என்றார் சோதிலிங்கம்.

ஐந்து பேருக்கும் ஒரே அளவு இல்லை. நடு அளவை எடுத்தார்கள். நடு அளவு என்பது சோதிலிங்கத்தின் அளவு. அது திட்டமிட்ட சதி என்று சந்திரகுமார் இன்றுவரை சொல்கிறார்.

ஒரே நாளில், ஒரே ஸ்டூடியோவில், ஒரே பிளாஸ்டிக் பூஞ்செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நெட்டையான கிளெமென்ற்றுக்குக் கை நீளம் போதவில்லை, கைகளைப் பின்னால் கட்டச் சொன்னார்கள். என் கணவருக்குக் காற்சட்டையை உள்ளே மடித்து ஊசி குத்தினார்கள். சந்திரகுமாருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. ஒவ்வொருவர் கழற்றியதும் சோதிலிங்கம் மடிப்புக் கலையாமல் அயர்ன் பிடித்து அடுத்தவருக்குக் கொடுத்தார். தன் முறை வந்தபோது ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டார்கள். அடுத்தநாள் கோட்சூட் கிளெமென்ற்றோடு ஸ்தவாங்கருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிற்று. ஆகவே சோதிலிங்கத்தின் படம் மட்டும் நீல ஸ்வெற்றரில் போனது.

படங்களை ஊருக்குக் கொண்டுபோனவர் ஒரே ஆள். அவரிடமிருந்து வாங்கியவரும் ஒரே கலியாணத் தரகர். அவர் எங்கள் வீட்டு மேசையில் நான்கு படங்களைப் பரப்பியது எனக்கு நன்றாக ஞாபகம். நான்கு தலை, ஒரு கோட்டு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தா. தரகர் கொஞ்சமும் அசரவில்லை. நால்வரும் நோர்வே அரசாங்கத்தில் ஒரே கந்தோர், இது அந்தக் கந்தோரின் சீருடை என்று விளக்கம் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு வேறு என்ன தோன்றும்? அரசாங்க உத்தியோகம் என்றதும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டா. பக்கத்து ஊரில் தவமலர் வீட்டிலும் அதே கதை. தவமலர்தான் பிறகு சந்திரகுமாருக்கு மனைவியானவள்.

ஐந்தாவது படத்தில் இருந்தவர் ஸ்வெற்றரோடு நின்றார். அவரை இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்று தரகர் முடிவுகட்டினார். சத்தியபாமா வீட்டில் ஐந்து பெண்கள், அவள் மூன்றாவது. தற்காலிகம் என்றாலும் பரவாயில்லை என்று சம்மதித்துவிட்டார்கள். அதை அவள் இன்றுவரை விடவில்லை. கோபம் வந்தால், எல்லாருக்கும் உத்தியோகத்தர் கிடைத்தது, எனக்குக் கிடைத்தது ஸ்வெற்றர் என்பாள். அவர்களுடைய விவாகப் பதிவு நாளன்றும் கோட்சூட் வேறெங்கோ போயிருந்ததால் சோதிலிங்கம் அதே ஸ்வெற்றரில்தான் கையெழுத்து வைத்தார். அந்த ஸ்வெற்றர் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது, முழங்கையில் மட்டும் ஒட்டுப்போட்டிருக்கிறது. நல்ல கம்பளி. அது கிழிந்து தொலையாததும் அவளுக்கு ஒரு குறை.

நான் வந்து இறங்கிய கிழமை, என் கணவர் சட்டி கழுவும் உணவகத்துக்குப் பின்கதவால் போனேன். இறப்பர் ஏப்ரனோடு நின்றார். சீருடை எங்கே என்று கேட்டேன். "கிளெமென்ற்றட்டை" என்றார்.

ஊருக்கு நாங்கள் ஒருவரும் உண்மையை எழுதவில்லை. பெற்றோர் சந்தோசமாக இருந்தார்கள், அதைக் கெடுத்து எங்களுக்கு என்ன வரப்போகிறது.

எல்லாரும் கலியாணம் முடித்து வீடு பிரிந்தபோது கோட்சூட் யாருக்கு என்ற வழக்கு வந்தது. மூத்தவர் என்ற முறையில் என் கணவர் தீர்ப்புச் சொன்னார். சோதி வைத்துப் பராமரிக்கட்டும், தேவைப்படுகிறவன் வாங்கிப் போடட்டும், தையலை அவிழ்க்காமல் கடைசிவரை யாருக்குப் பொத்தான் பூட்டுகிறதோ அவனுக்கு அது சொந்தம். அப்போது ஐந்து பேரும் ஈர்க்குமாதிரி இருந்தார்கள். பகிடியாகத்தான் தலையாட்டினார்கள்.

பிறகு மனைவிமார் வந்தோம், சமைத்தோம். போட்டியிலிருந்து முதலில் விழுந்தவர் சிவானந்தன். ஒரு பிறந்தநாள் வீட்டில் அவருடைய நடுப்பொத்தான் கழன்று பறந்து மிக்சர்த் தட்டுக்குள் விழுந்தது, ஒரு பிள்ளை அதை எடுத்து வாயில் போடப் பார்த்தது. கிளெமென்ற் கனடாவிலிருந்து தொலைபேசியில் தன் பங்கை விட்டுக்கொடுத்தார். சந்திரகுமார் டாக்ஸியில் இருந்தபடியே வட்டமாகிக்கொண்டு வந்தார். என் கணவர் சில வருடங்களுக்கு முன் இறந்தபோது சோதிலிங்கம் கோட்சூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, அண்ணைக்கு இதைப் போட்டு அனுப்புவோம் என்றார். எரிக்கிறதுக்கு இவ்வளவு நல்ல துணியோ என்று நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அவரை மலிவு விற்பனைக் கோட்சூட் ஒன்றில்தான் அனுப்பினோம். அவர் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். அவருடைய பங்கு அப்படி எனக்கு வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருடமும் சோதிலிங்கம் அதை ஒருநாளும் போட்டதில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பார், வாங்கித் தூசி தட்டுவார், வசந்தத்தில் பல்கனி நிழலில் காற்றுப் பிடிக்க விடுவார். பூச்சி அரிக்காமல் இருக்க இந்த ஊர்க்காரர் செய்வதுபோல் பையில் சுற்றி உறைபெட்டிக்குள்ளும் வைப்பார். இறால் தேடப் போன சத்தியபாமா ஒருமுறை காற்சட்டையை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட இருந்தாள். தான் போடுவதற்கு மட்டும் ஒரு நல்ல நாள் வரட்டும் என்று வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் நல்ல சாமானை இப்படித்தான் வீணாக்குவார்கள். அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

அவர் நினைத்து வைத்திருந்த நல்ல நாள், மகள் ராகவியின் கலியாணம். அன்றைக்கு அந்தக் கோட்சூட்டோடு மனைவிக்குப் பக்கத்தில் நின்று குடும்பப் படம் ஒன்று எடுக்க வேண்டும். ஸ்வெற்றர்க் கதை அதோடு முடிய வேண்டும். மனிதருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

ராகவி தன் விருப்பத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை மதுரன், சந்திரகுமாரின் மகன். இரண்டு வீட்டிலும் ஒரே சந்தோசம். நான் மட்டும் சிரித்தேன், ஏனென்றால் சந்திரகுமார் அப்போது ஊசி போடத் தொடங்கியிருந்தார்.

சீனி வருத்தத்துக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த ஊசி, வாரத்துக்கு ஒன்று. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், செய்தது. நிச்சயதார்த்தத்தில் ஆள் சேர்ட்டைத் தூக்கி பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டைகளை எனக்குக் காட்டினார். பலகாரத்தட்டைக் கையால் தள்ளி வைத்துவிட்டு, "சோதியட்டை ஒரு சாமான் கிடக்குது அக்கா. இனி அது எனக்குப் பூட்டும்" என்றார். வடையோடு நின்ற சோதிலிங்கம் வடையை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார்.

சந்திரகுமார் வெறும் வீம்புக்குக் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தவமலர், படத்தில் இருந்த அந்த அழகான உத்தியோகத்தரை நம்பித்தான் விமானம் ஏறினாள். அன்றைக்குக் கோட்சூட் என் கணவரிடம் இருந்தது. சந்திரகுமார் யாரோ கொடுத்த பனிச்சறுக்கு ஜாக்கெற்றோடு போய் நின்றார். அதற்குப் பிறகு அவளுடைய சமையலில் ஆள் பெருத்துவிட்டார். படத்தில் பார்த்த மனிதரை நேரில் பார்க்காமலே அவள் பாட்டியாகும் வயதுக்கு வந்துவிட்டாள்.

சோதிலிங்கம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி சூப்புக்கு இறங்கினார். குளத்தைச் சுற்றிக் காட்டுப்பாதையில் நடந்தார். சத்தியபாமா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து எனக்குக் கேட்கவே புலம்பினாள். அவளுடைய எண்ணம் வேறு. வைன் நிறத்தில் மினுங்கும் கோட்சூட் ஒன்றை அவள் ஸ்ட்ரோம்மனில் பார்த்து வைத்திருந்தாள், அவளுடைய கூறைச் சேலைக்கு அது பொருத்தமாம். அதை மழையில் நனைத்தால் நானும் வைன் நிறமாகிவிடுவேன் என்றார் சோதிலிங்கம்.

கடைசியில் இரண்டு பேரும் வழக்கோடு என்னிடம் வந்தார்கள். ஊசி போட்டு மெலிந்தது கணக்கில் வராது என்பது சோதிலிங்கத்தின் வாதம்.

"பனிச்சறுக்குப் போட்டியிலை ஊசி போட்டால் பதக்கத்தைப் பறிக்கிறாங்களோ இல்லையோ?" என்று கேட்டார்.

"அது களவு ஊசி. இது டொக்டர் எழுதினது" என்றார் சந்திரகுமார். "நீ சூப்புக் குடிச்சு மெலிஞ்சாய், நான் ஊசி போட்டு மெலிஞ்சன். பொத்தானுக்கு உது தெரியுமோ?"

பொத்தானுக்குத் தெரியாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அளந்து பார்ப்பதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. நான் காற்சட்டை மாட்டிவிட்ட ஆண்களின் தொகையை எண்ணினால் ஒஸ்லோ பஸ் நிலையம் நிரம்பும். சோதிலிங்கத்தின் வரவேற்பறையில் திரையை இழுத்துவிட்டு, கூச்சப்படாமல் நில்லுங்கள் என்றேன். சோதிலிங்கத்துக்குத் தோல்போல இருந்தது. சந்திரகுமாருக்கும் பூட்டியது. மூச்சைப் பிடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு இருத்தினேன், எழுப்பினேன், குனிந்து சப்பாத்துக் கட்டச் சொன்னேன், டாக்ஸிக் கதை ஒன்றை முழுதாகச் சொல்லவிட்டேன். பொத்தான் அசையவில்லை. தவமலர் கதவு நீக்கலால் பார்க்கப் பார்த்தாள். கலியாணத்தன்று பார்க்கலாம் என்று சாத்திவிட்டேன்.

இரண்டு பேருக்கும் சரி என்றால் பழைய வழிதான். அந்தக் காலத்தில் ஒரேநாளில் இருவருக்கு நேர்முகத் தேர்வு வந்தால் ரயில் நிலையக் கழிப்பறையில் மாற்றிக்கொள்வார்கள். காலையில் கோயிலில் இரண்டு தகப்பன்மாரும் வேட்டி, அதில் பிரச்சினை இல்லை. மாலை வரவேற்பில் சாப்பாடு வரை சோதிலிங்கம், குடும்பப் படம் அவருடைய பாதியில். சாப்பாட்டுக்குப் பிறகு சந்திரகுமார், பேச்சு அவருடைய பாதியில். மற்றவர் அந்த நேரம் வேட்டியோடு நிற்பார். இருவரும் கை கொடுத்தார்கள்.

தை மாதக் கலியாணம். மண்டபத்துக்கு வெளியே பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. சோதிலிங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, வாசலில் ஜாக்கெற் கழற்றிக்கொண்டு நின்றவர்கள் கையை ஜாக்கெற்றுக்குள் வைத்தபடியே பார்த்தார்கள். மினுக்கம் ஒன்றும் இல்லை. நல்ல துணி, நல்ல வெட்டு, அதற்குள் நிமிர்ந்து ஒரு மனிதர். சுற்றிவர மினுங்கிய எல்லாக் கோட்சூட்டும் அப்போதுதான் வாடகைக்கு எடுத்ததுபோலத் தெரிந்தது. சத்தியபாமா வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக அவரைப் பார்த்தாள்.

"என்ன, நிரந்தரமாக்கிப்போட்டாங்களோ?" என்றாள்.

அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

படம் எடுக்கிற நேரம் வந்தது. சிவானந்தனின் விமானம் வரவில்லை, மேற்குக் கரையில் புயல். சிவா மாமா இல்லாமல் குடும்பப் படம் எடுக்கக்கூடாது என்று ராகவி நின்றுகொண்டாள். முதலில் சாப்பிடுவோம் என்றார்கள். சோதிலிங்கம் வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் இருந்தார். அவருக்கு எதிரே வேட்டியோடு இருந்த சந்திரகுமார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் இருந்தார். பிரியாணி ஆறியது. பாயசக் கோப்பைகளை எடுக்கத் தொடங்கியதும் சந்திரகுமார் என் கதிரைக்குப் பின்னால் வந்து நேரம் என்றார். படம் என் பாதியில்தானே என்றார் சோதிலிங்கம். உன் பாதி முடிந்தது, படம்தான் பிந்திவிட்டது என்றார் மற்றவர். இரண்டு பேரும் சொன்னது சரி. பார்க்கிற சனத்துக்கு முன்னால் வேண்டாம் என்று இருவரையும் சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவில் முதுகை வைத்து நின்றேன்.

சோதிலிங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். கோட்டைக் கழற்றி ஹங்கரில் போட்டார். உள்கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். காற்சட்டையையும் மடிப்புப் பிடித்துக் கொடுத்துவிட்டு நீண்ட கம்பளி உள்காற்சட்டையோடு நின்றார். அதுவும் தரமானதுதான். சந்திரகுமார் காற்சட்டையை ஏற்றி உள்கோட்டைப் பூட்டவும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஸ்தவாங்கரிலிருந்து சிவானந்தன் வந்துவிட்டார், இரண்டு குடும்பத்தாரும் படத்துக்கு மேடைக்கு வரவும்.

சோதிலிங்கம் பஸ் ஓட்டியவர், கை வேகம். கோட்டை ஹங்கரிலிருந்து இழுத்துத் தான் போட்டுவிட்டார்.

"கோட்டைத் தா, மச்சான்" என்றார் சந்திரகுமார்.

"காற்சட்டையைத் தா."

"உன்ரை பாதி முடிஞ்சுது."

"முடிஞ்சுதுதான். ஒரே ஒரு படம், சந்திரா. அவளுக்கு நான் இவ்வளவு காலமும் ஸ்வெற்றரைத்தான் காட்டினனான்."

"எனக்கு மட்டும் என்னவாம்? தவம் விமான நிலையத்திலை என்னைக் கண்டிட்டு, பின்னாலை ஆரும் வருகினமோ எண்டு எட்டிப் பார்த்தவள்."

சோதிலிங்கம் கோட்டின் பொத்தானில் கையை வைத்தார். ஆனால் கோட்டைக் கழற்றவில்லை. கதவில் தட்டுகிற சத்தம் என் முதுகில் விழுந்தது. ராகவி.

"அப்பா, மாமா, படம் எடுக்கிறவர் காத்துக்கொண்டு நிக்கிறார். ரெண்டு நிமிசம் தாறன். வராட்டி உங்கள் ரெண்டு பேரையும் விட்டிட்டு எடுத்து முடிக்கிறம், ஃபெர்டி, அவ்வளவுதான்."

பிள்ளை சொன்னதைச் செய்யக்கூடியவள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் உடுப்புப் போடவேண்டி வந்தால், இல்லாததைத் தேடிக்கொண்டு நிற்கமாட்டோம். கையில் கிடப்பதைப் போடுவோம். கதிரையில் சந்திரகுமார் அவிழ்த்துப்போட்ட பட்டு வேட்டி கிடந்தது. அதை எடுத்து சோதிலிங்கத்திடம் எறிந்தேன்.

"கட்டும். கோட்டும் வேட்டியுமாய் எங்கடை ஊர் ஹெட்மாஸ்ரர்மார் பள்ளிக்கூடம் போகேல்லையோ?"

சந்திரகுமார் தன்னை ஒருமுறை கீழே பார்த்தார். "அப்ப நான்?"

"நீர் பாங்க் மனேச்சர். கோட்டைக் கதிரையிலை போட்டிட்டு வேலை செய்யிறீர். நடவும்."

அவர்கள் மேடைக்குப் போனதை நான் பின்னால் நின்று பார்த்தேன். சோதிலிங்கம் கோட்டு, டை, சரிகைக்கரை வேட்டி, அதன் கீழே மினுங்கும் சப்பாத்து. யாரோ எழும்பி வணக்கம் சேர் என்றார்கள், அந்த மேசை முழுக்கச் சிரித்தது. சந்திரகுமாரின் பாடுதான் பரிதாபம். வெள்ளைச் சேர்ட்டும் கருநீல உள்கோட்டும் காற்சட்டையுமாக மேசைகளுக்கு நடுவே போனவரிடம் ஒரு விருந்தாளி வெறுங்கிளாசை நீட்டித் தண்ணீர் கேட்டார். அவசரத்தில் அவரும் வாங்கிவிட்டார். குடும்பப் படத்தில் இன்றைக்கும் அவர் கையில் அந்தக் கிளாஸ் இருக்கிறது.

சத்தியபாமா கணவனின் கோட்டைத் தடவிப் பார்த்தாள், பிறகு வேட்டியைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, அவருடைய டையை நேராக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். தவமலர் தன் ஆளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்து, "பரவாயில்லை. அரைவாசியாவது வந்து சேர்ந்திட்டுது" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, உள்கோட்டின் மேல்பொத்தானை ஒருமுறை அவிழ்த்துத் திரும்பப் பூட்டினாள்.

படம் எடுத்து முடிந்ததும் மதுரன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தான். யாழ்ப்பாணத்தில் தவமலரின் தாய் வீடியோவில் காத்திருந்தா. தொண்ணூறைத் தாண்டிய மனுசி, காது மந்தம், கண் மட்டும் கூர்மை. திரையில் மணமக்களை ஒதுக்கிவிட்டு மருமகனைத்தான் உற்றுப் பார்த்தா.

"அதே யூனிஃபோம். தம்பி, நீர் இன்னும் அந்தக் கந்தோரிலைதானோ? பென்சன் குடுக்கேல்லையோ?"

மேடையில் நின்ற பழைய ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தோம். சந்திரகுமார் தண்ணீர்க் கிளாசை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இல்லை மாமி. ஆள் காணாதெண்டு விடுறாங்கள் இல்லை."

மனுசி சோதிலிங்கத்தின் பக்கம் திரும்பினா. "சம்பந்தியும் அங்கைதானோ? இவருக்கு அப்ப நிரந்தரமில்லையெண்டெல்லோ சொன்னவை."

நான் சோதிலிங்கத்தைப் பார்த்தேன். சத்தியபாமாவும் பார்த்தாள். மனிதர் கோட்டுக் கழுத்தை இரண்டு கையாலும் இழுத்து நேராக்கினார்.

"நேற்றுத்தான், அம்மா, கடிதம் வந்தது" என்றார்.

சத்தியபாமா சிரித்த சிரிப்பில் அவளுடைய கூறையின் ஊசி கழன்றுவிட்டது. நான்தான் குத்திவிட்டேன்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமை கழித்து, கோட்சூட் யாருக்கு என்ற கேள்வி திரும்ப வந்தது. அன்றைக்கு முழுவதையும் ஒன்றாகப் பூட்டி நின்றவர் படத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே தீர்ப்பு இல்லை என்றேன். காற்சட்டை தெரியாமல் சந்திரகுமார் வீட்டுக்குப் போய்விட்டதாம், தெரியாமலே அங்கே இருக்கிறது. கோட்டு சோதிலிங்கத்தின் அலுமாரியில் தொங்குகிறது. ஆனால் இப்போது அதை வெளியே எடுக்கிறார். போன ஞாயிறு குப்பை போடப் போனபோதுகூட அதைப் போட்டிருந்தார், சத்தியபாமா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். படம் அவர்களுடைய வரவேற்பறையில், மார்பு வரைக்கும் வெட்டிப் பெருப்பித்து மாட்டியிருக்கிறது. வேட்டி தெரியாது.

உள்கோட்டு என்னிடம் இருக்கிறது. தவமலர் அவிழ்த்துப் பூட்டியதில் மேல்பொத்தானின் நூல் தளர்ந்துவிட்டது, தைத்துத் தருகிறேன் என்று வாங்கினேன். தைத்துவிட்டேன். ரயிலுக்குக் காத்து நிற்கும்போது ஜாக்கெற்றுக்குள் போட்டால் நெஞ்சுக்கு நல்ல சூடு. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார்கள். என் கணவரின் பங்கை நினைவுபடுத்தினேன், எல்லாப் பொத்தானையும் அவர்கள் முன்னாலேயே பூட்டிக் காட்டினேன்.